நடந்து போய்ப் பார்த்தவர்

ஐந்தாண்டுத் திட்டம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வரும். அதற்கு முன்னோடி, 1928இல் சோவியத் ரஷ்யா தொடங்கிய திட்டம். அதைப் பற்றி மாஸ்கோவிலிருந்து எழுதிய வெளிநாட்டு நிருபர்களில் பெரும்புள்ளி, நியூயார்க் டைம்ஸின் வால்டர் டுரான்டி. 1932இல் புலிட்சர் பரிசும் பெற்றவர்.

கேரத் ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டு இளைஞர். ரஷ்ய மொழி அறிந்தவர். 1933 மார்ச்சில் உக்ரைன் செல்லும் ரயிலில் ஏறி, வழியிலேயே இறங்கி, கிராமம் கிராமமாக நடந்தார். போன இடமெல்லாம் ரொட்டி இல்லை என்ற புலம்பல். விளைந்த தானியத்தை அரசு வாரிக்கொண்டு போயிருந்தது. மார்ச் 29இல் பெர்லினில் நிருபர்களைக் கூட்டி, நாட்டில் பஞ்சம் என்று சொன்னார்.

இரண்டே நாளில் டுரான்டியின் மறுப்பு வெளிவந்தது. பட்டினிச் சாவு இல்லையாம். சத்துக்குறைவால் வரும் நோய்ச் சாவுதானாம்! உண்மையில் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் பல லட்சம் பேர்.

ஜோன்ஸ் மறுபடி ரஷ்யாவுக்குள் நுழையத் தடை விதித்தார்கள். 1935 ஆகஸ்டில் மஞ்சூரியா பக்கம் கொள்ளையர் அவரைக் கடத்திக் கொன்றார்கள். முப்பது வயது நிறைய ஒரு நாள் பாக்கி.

டுரான்டியின் பரிசைத் திரும்பப் பெறும் கோரிக்கையை 2003இல் புலிட்சர் குழு ஏற்கவில்லை. புள்ளிவிவரத்தில் விளைச்சலைப் பார்க்கும்போதெல்லாம், அடுப்பு எரிந்ததா என்று போய்ப் பார்த்த அந்தப் பையன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறான்.