இடையில் ஒளியிழந்தோர்க்கு எழுந்த கல்வி

கண்ணொளியற்ற சிறுவர்களுக்கும் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருப்பெற்றுவிட்டது. பாரிஸ் நகரில் அவ்வாறு தோன்றிய பள்ளியில் பயின்றவரே புள்ளியெழுத்தைப் படைத்த லூயி பிரெய்ல் என்பதை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். ஆயினும், இருபது முப்பது ஆண்டுகள் கண்ணால் உலகை ஆண்டுவிட்டு, பின்னர் அதனை இழந்த ஒருவருக்கு எதைக் கற்பிப்பது, எங்கிருந்து தொடங்குவது என்பதை நெடுங்காலம் எவரும் முறையாக எண்ணிப் பார்த்தாரல்லர். அவருக்குக் கிடைத்தது வீட்டில் ஒரு மூலை. அன்றேல் கூடை முடையும் கூடத்தில் ஓர் இருக்கை.

இந்நிலையை மாற்றியவர் ஒரு பத்திரிகை முதலாளி. 1900 ஆம் ஆண்டில் இலண்டனில் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கிய ஆர்தர் பியர்சன், கண்ணழுத்த நோயால் தம் நடுவயதில் பார்வையை இழந்தார். முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு விடுதி அமைத்தார். மார்ச் மாதத்தில் அது ரீஜண்ட் பூங்காவிலிருந்த செயிண்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் மாளிகைக்கு மாறியது. மாளிகையை இரவலாகத் தந்தவர் ஓட்டோ கான் என்னும் வங்கியாளர்.

அங்கு வந்து சேர்ந்த வீரனுக்கு முதலில் கொடுக்கப்பட்டது ஒரு கைக்கடிகாரம். மேல்மூடியைத் திறந்து, முள்ளையும் புடைத்த புள்ளிகளையும் விரலால் தடவி மணியறியலாம். இதனைச் சிறு பரிசு என்று எண்ணிவிடலாகாது. ‘மணி என்ன?’ என்று நாள்தோறும் பிறரைக் கேட்டே வாழ்பவன், தன் பொழுதையும் பிறர் கையில் ஒப்படைத்தவனாகிறான். அந்தப் பொழுதை முதலில் திருப்பிக் கொடுத்த பின்னரே பியர்சன் மற்றப் பாடங்களைத் தொடங்கினார்.

அடுத்தது தட்டச்சு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் நாமெல்லாம் உருப்போட்ட விதி இங்கே உயிர்பெறுவதைக் காணலாம். எழுத்தறிந்த இளைஞனுக்குச் சொற்களின் வடிவம் நினைவில் இருக்கிறது. விரல்களுக்கு விசைகளின் இடம் தெரிந்தால் போதும். புள்ளியெழுத்தை வீட்டார் படிக்க இயலாது. தட்டச்சுக் கடிதத்தை எவரும் படிக்கலாம். பிறர் துணையின்றித் தாய்க்கோ மனைவிக்கோ தன் மனத்தை அவன் எழுதலாம் அன்றோ? புள்ளியெழுத்தும் கற்பிக்கப்பட்டது. பாய் பின்னுதல், காலணி செப்பனிடுதல், தச்சு, கோழி வளர்ப்பு, உடல் பிடித்துவிடும் மருத்துவம், தொலைபேசி இணைப்பு எனத் தொழில்கள் பல இருந்தன. பயிற்றுவித்தோருள்ளும் சிலர் கண்ணற்றவரே.

நம் தோட்டங்களில் நடப்பதை ஈண்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீரிழிவால் பார்வை போன பெரியவரை வீட்டார் அன்போடுதான் வைத்திருக்கிறார்கள். தட்டு கைக்கு வருகிறது. தண்ணீர் வாய்க்கு வருகிறது. எழுந்தால் ‘உட்காருங்கள் தாத்தா’ என்ற குரல் வருகிறது. ஆறே திங்களில் சட்டைப் பொத்தானைக் கூடத் தாமே போட்டுக்கொள்ள அவர் மறந்துவிடுகிறார்.

எனினும் செயிண்ட் டன்ஸ்டன்ஸ் முறையிலும் ஒரு குறை இருந்தது. மாளிகைக்குள் வழிகாட்டத் தரையில் விரிப்புப் பட்டைகளும், தோட்டத்தில் கைப்பிடிக் கம்பிகளும் அமைத்திருந்தனர். தெருவில் கம்பி ஏது? 1921 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் தம் தடிக்கு வெள்ளை பூசினார். அந்த வெண்மை வண்டியோட்டுவோர் கண்ணுக்காக. தடியை ஏந்தியவருக்கு அது பாதையைச் சொல்லவில்லை.

அதைச் சொல்ல வைத்தவர் ரிச்சர்டு ஹூவர். கண்ணற்றோர் பள்ளியில் ஆசிரியராக இருந்து அமெரிக்கப் படையில் சேர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது, பென்சில்வேனியா மாநிலத்து வேலி போர்ஜ் படை மருத்துவமனையில் கண்ணிழந்த வீரர்கள் தட்டுத் தடுமாறுவதைக் கண்டார். ஊன்றி நிற்பதற்கான குட்டைத் தடியை ஒதுக்கிவிட்டு, நெஞ்செலும்பு வரை எட்டும் மெல்லிய நீள்கோலைக் கைக்கொண்டார். இடக்கால் முன் செல்லும்போது கோலின் நுனி வலப்புறம் தொடும். வலக்கால் செல்லும்போது இடப்புறம் தொடும். அடுத்த அடி விழவேண்டிய இடத்தைக் கோல் முந்திக்கொண்டு ஆராய்ந்துவிடுகிறது. பயிற்றுவோர் தம் கண்களைக் கட்டிக்கொண்டு இதனைப் பழகினர். நடை என்பது துணிச்சலைப் பொறுத்ததன்று, படிப்படியாகக் கற்பிக்கத்தக்க பாடம் என்பது அங்கேதான் நிலைநாட்டப்பட்டது. என் கருத்தில், இத்துறையில் புள்ளியெழுத்துக்கு நிகரான கண்டுபிடிப்பு இதுவே.

1948 ஜூலை 4 ஆம் நாள் சிகாகோ நகரை அடுத்த ஹைன்ஸ் மருத்துவமனையில், முன்னாள் படைவீரர்க்கான பயிற்சி நிலையம் இதே முறையில் தொடங்கியது. அதன் தலைவர் ரசல் வில்லியம்ஸ், 1944 இல் பிரான்சுப் போர்முனையில் கண்ணிழந்தவர். வேலி போர்ஜில் பயின்றவர். 1960 இல் பாஸ்டன் கல்லூரி, நடை பயிற்றும் ஆசிரியர்களுக்கென்றே பட்டமேற்படிப்பு தொடங்கிற்று. நம் நாட்டில் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் 1951 இல் தோன்றியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கோலோடு தனியே நடப்போரை இன்றும் காணலாம்.

இக்கல்வியின் கடைசித் தேர்வு விந்தையானது. மாணவரை ஊரில் ஓரிடத்தில், அஃது எவ்விடம் என்று சொல்லாமல் விட்டுவிடுவர். வெயில் படும் பக்கம், வண்டிகளின் ஓசை, காலடித் தரையின் மாற்றம் ஆகியவற்றால் இடத்தை உணர்ந்து, குறித்த இடத்திற்கு அவர் வந்து சேரவேண்டும். ஆசிரியர் சற்றுத் தொலைவில் பின்தொடர்வார். இடர் நேர்ந்தாலன்றி வாய் திறக்கமாட்டார்.