புரூக்ஸ் கப்பலின் கீழ்த்தளம்: ஒரு வரைபடத்தை மீண்டும் வாசித்தல்

பாய்மரக் கப்பல்களைப் பற்றிய நூல்கள் பாய்களையும் மாலுமிகளின் தீரத்தையும் விரிவாகப் பேசுகின்றன. மேல்தளத்திற்கும் அடிச்சரக்கறைக்கும் இடையில் அமைந்த கீழ்த்தளம் அந்த அளவிற்குக் கவனம் பெறுவதில்லை. ஆயினும் ஒரு கப்பலின் தொழில் யாது என்பதை அத்தளமே காட்டிக்கொடுக்கும். பெரிய போர்க்கப்பல்களில் அது பீரங்கித் தளம். அப்பீரங்கிகளுக்கு மேலேயே மாலுமிகள் தூளிப்படுக்கைகளைக் கட்டி உறங்கினர். அடிமைக் கப்பலில் அது என்னவாயிற்று என்பதற்கு, 1781இல் லிவர்பூலில் கட்டப்பெற்ற புரூக்ஸ் தக்க சான்றாகும்.

இத்தகைய கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லும்போது இரும்பு, துப்பாக்கி, துணி ஆகியவற்றை ஏற்றிச் சென்றன. அத்துணிகளுள் சோழமண்டலக் கரையில் நெய்து நீலச்சாயம் தோய்த்த 'கினித் துணி'யும் ஒன்று. லண்டனில் ஏலம் விடப்பட்ட அத்துணி, ஆப்பிரிக்காவில் மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. இத்தொடர்பை நம் ஆய்வாளர்கள் இன்னும் விரிவாக ஆராய்தல் வேண்டும். கப்பல் கரையை அணுகியதும் தச்சர்கள் கீழ்த்தளத்தின் இருபக்கச் சுவர்களையும் ஒட்டிப் பலகைப் பரண்களை அமைத்தனர். ஆடவர் முன்பகுதியிலும், சிறுவர் நடுவிலும், பெண்டிர் பின்பகுதியிலும் பிரித்து அடைக்கப்பட்டனர். மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களை விற்றபின் பரண்கள் பிரிக்கப்பட்டன. அதே இடத்தில் சர்க்கரை ஏறியது.

புரூக்ஸின் கீழ்த்தளம் 100 அடி நீளமும் 5 அடி 8 அங்குல உயரமும் உடையது. இடையில் பரண் அமைத்தபின் எஞ்சிய உயரம் 2 அடி 7 அங்குலமே. ஓர் ஆடவனுக்கு ஒதுக்கிய இடத்தின் அகலம் 1 அடி 4 அங்குலம்.

1788இல் டால்பென் சட்டம் நிறைவேறியது. கப்பலின் முதல் 201 டன்னுக்கு மூன்று டன்னுக்கு ஐவர், அதற்கு மேல் டன்னுக்கு ஒருவர் என அது வரையறுத்தது. அதன்படி புரூக்ஸ் 454 பேரை ஏற்றலாம். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய கப்பல்களுக்கான சட்டங்களும் ஆளுக்கு இத்தனை சதுர அடி என்றே கணக்கிட்டன. அடிமை முறையையும் ஒப்பந்த முறையையும் ஒன்றெனக் கொள்வது பிழை. ஆனால் மனிதனைக் கப்பலின் அளவைகொண்டு எண்ணும் வழக்கம் இரண்டிற்கும் பொதுவானது.

அடிமை வணிக ஒழிப்பாளர்கள் 1789இல் லண்டனில் அச்சிட்ட புகழ்பெற்ற வரைபடத்தில் 482 உருவங்கள் உள்ளன. வகுப்பறைகளில் இப்படம் கொடுமையின் உச்சமாகக் காட்டப்படுகிறது. அவ்வாறு காட்டுவது போதாது என்பது என் கருத்து. படம் காட்டுவது ஏறத்தாழச் சட்டம் இசைந்த நிலையையே. சட்டத்திற்கு முந்தைய ஒரு பயணத்தில் அக்கப்பலில் ஆடவர் 351, பெண்டிர் 127, சிறுவர் 90, சிறுமியர் 41 என 609 பேர் ஏற்றப்பட்டிருந்தனர். மேலும், படத்தில் உருவங்கள் ஒழுங்காக மல்லாந்து கிடக்கின்றன. அக்கப்பலின் மருத்துவராகச் சென்ற தாமஸ் டிராட்டர் 1790இல் நாடாளுமன்றக் குழுவின்முன் அளித்த சாட்சியம் வேறு. திரும்பிப் படுக்கவும் இடமின்றி, ஒருவர் உடலின் வளைவில் மற்றொருவர் பொருந்துமாறு அவர்கள் ஒருக்களித்து அடுக்கப்பட்டனர் என்றார் அவர். மற்றொரு மருத்துவரான அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ், காற்றுத் துளைகள் அடைபட்ட ஒரு கீழ்த்தளத்தில் கால்மணி நேரம் நின்றதற்கே மயங்கிவிழும் நிலையை அடைந்ததாக 1788இல் எழுதினார். அவரால் மேலே ஏறி வர முடிந்தது.