அந்தமானில் குட்டைத் தென்னை

அந்தமான் கரைகளுக்குத் தென்னை மனிதர் கையால் வந்து சேர்ந்த மரம். தெற்கே நிக்கோபாரில் கடலோரம் முழுக்கத் தென்னந்தோப்பு. அங்கே நங்கூரமிட்ட கப்பல்களில் தேங்காயைக் கொடுத்துத் துணியும் இரும்பும் வாங்கினார்கள். வடக்கே கோகோ தீவுகளுக்குப் பெயரே தேங்காயால் அமைந்தது. 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, இடைப்பட்ட அந்தமானில் மட்டும் தென்னை அநேகமாக இல்லை. காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் தென்னை நட்டவர்கள் அந்தக் கைதிகளே.

அன்று வேண்டியிருந்தது எண்ணெயும் கயிறும். அதற்கு நெட்டை ரகமே ஏற்றது. 1906-ல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையில் மாட்டுக்குப் பதிலாக மனிதர்களைச் செக்கில் பூட்டினார்கள். ஒருவர் நாளொன்றுக்கு 30 பவுண்டு, அதாவது 13 கிலோவுக்கும் மேல், தேங்காயெண்ணெய் ஆட்டித் தர வேண்டும்; அளவு குறைந்தால் தண்டனை. இந்தச் செக்கை விட்டுவிட்டு அந்தமான் தென்னையின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

விடுதலைக்குப் பின் குடியேற்றங்கள் பெருகின. தீவுகளின் பெரும்பகுதி காடும் பழங்குடியினருக்கான காப்புநிலமும் ஆதலால், உழவுக்குக் கிடைத்தது சிறு பங்கே. 7.5 மீட்டருக்கு ஒன்றாக நெட்டை நட்டால் ஹெக்டேருக்கு 177 மரம், 6.5 மீட்டருக்கு ஒன்றாகக் குட்டை நட்டால் 236. நெருக்கி நடத் தாங்கும் மரத்தைத் தேடும் தேவை இப்படி வந்தது.

போர்ட் பிளேரில் 1978-ல் தொடங்கிய மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் குட்டை மரங்களிலிருந்து நான்கு ரகங்களைத் தேர்ந்தது: அன்னபூர்ணா, சூர்யா, ஓம்கார், சந்தன். அன்னபூர்ணா பச்சைக் காய், கொப்பரை மிகுந்தது. சூர்யாவும் சந்தனும் செம்மஞ்சள், ஓம்கார் மஞ்சள். இம்மூன்றும் இளநீருக்கும் வீட்டு முற்றத்து அழகுக்கும் உரியவை.

குட்டையை அறிவது எளிது. நெட்டையின் அடிமரம் பானைபோல் பருத்திருக்கும். குட்டையில் அந்தப் பருமன் கிடையாது, மட்டை விழுந்த தழும்புகளும் நெருங்கியிருக்கும். நெட்டை ஆறேழு ஆண்டில் பாளை விட்டால், குட்டை மூன்று நான்கு ஆண்டிலேயே விடும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், கன்றும் தாயைப் போலவே இருக்கும். நாற்றங்காலில் இது கண்ணுக்கே தெரியும்: செம்மஞ்சள் குட்டையின் கன்றில் இலைக்காம்பும் செம்மஞ்சளாக இருக்கும். அந்த வரிசையில் பச்சை அல்லது பழுப்புக் காம்பு தலைகாட்டினால், பக்கத்து மரத்து மகரந்தம் கலந்துவிட்டது என்று பொருள். அந்தக் கன்றைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும். முளையிலேயே சரியாகத் தெரிந்தெடுக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. மிஞ்சுகிறவற்றில் கழுத்து பருத்து, இலை சீக்கிரம் பிரிந்தவை நடவுக்குப் போகும்.

குட்டைக்கு வறட்சி ஆகாது. தீவுகளில் மழை ஏராளம் என்றாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டுவிடும். அந்த மாதங்களில் தண்ணீர் காட்ட வழியில்லாத மேட்டு நிலத்தில் இன்றும் நெட்டையே நிற்கிறது.