தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்கள்: நிறமிகள் தரும் வரலாற்றுச் சான்று

முன்னுரை

முதலாம் இராசராசன் எடுப்பித்து கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்திருச்சுற்றில் இருவேறு கால ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவ்வோவியங்களின் நிறமிகள் தரும் சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறமிகளும் நுட்பமும்

சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இவ்வோவியங்களின் சுதையையும் நிறமிகளையும் பகுப்பாய்வு செய்தார். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண் வகைகள், பச்சைக்குப் பச்சை மண், நீலத்திற்கு லாபிஸ் லாசுலி எனும் கல் ஆகியவை பயன்பட்டதை அவர் கண்டார். ஈரச் சுதையின்மீது தீட்டும் முறையே சோழர் கையாண்டது என்பது அவர் முடிவு.

இம்முறையில் நிறமியைப் பிணைப்பது பசையன்று, சுண்ணாம்பே. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது நிறமித் துகள்கள் அதனுள் சிறைப்படுகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மையைத் தாங்கும் நிறமிகளே இதற்கு ஏற்றவை. ஆகவே, வண்ணங்களின் எண்ணிக்கை குறைந்திருப்பது வறுமையின் அடையாளமன்று; தொழில்நுட்பத் தேர்வின் விளைவாகும். சுதை உலர்வதற்குள் தீட்டி முடிக்க வேண்டியிருந்ததால், சுதை பூசுவோரும் ஓவியரும் ஒருங்கிணைந்து இயங்கியிருத்தல் வேண்டும்.

நீலமும் வணிகமும்

செயற்கை அல்ட்ராமரின் 1820களில்தான் உருவானது. எனவே சோழர் பயன்படுத்திய நீலம் இயற்கைக் கல்லிலிருந்தே பெறப்பட்டிருக்க வேண்டும். அக்கல்லின் புகழ்பெற்ற பழைய சுரங்கங்கள் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்சானில் உள்ளன. வண்டல் நிலமான காவிரிப் படுகையில் கிடைக்காத இப்பொருள், நெல்வளத்தால் செழித்த அரசு தொலைதூர வணிகத்தோடு கொண்டிருந்த தொடர்பைச் சுவரிலேயே பதிவு செய்துள்ளது.

பாதுகாப்பும் சான்றும்

பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் ஓவியங்கள் சிலவற்றைச் சுதையோடு பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தியது. இதனால் இரு காலக் கலையும் காக்கப்பட்டன. எனினும், பிரித்த பின்னர் இரு அடுக்குகளும் ஒட்டியிருந்த நிலையை மீண்டும் காண இயலாது. எனவே, பிரிப்பதற்கு முன் எடுக்கும் குறுக்குவெட்டு மாதிரிகளும் ஆய்வுக் குறிப்புகளும் மீட்க முடியாத ஆவணங்களாகின்றன.

முடிவுரை

கல்வெட்டு கூறாதவற்றை நிறமி கூறுகிறது. தொழில்நுட்பம், உழைப்பின் ஒழுங்கு, வணிகத் தொடர்பு ஆகிய மூன்றுக்கும் அது முதன்மைச் சான்றாகும். ஆதலால் ஓவியத்தைக் காப்பதோடு, அதன் பகுப்பாய்வுப் பதிவுகளைக் காப்பதும் வரலாற்றாய்வின் கடமையாகும்.