வழிகாட்டும் கணினியும் வாழ்வின் அழைத்தலும்

கொங்கு நாட்டில் தொழில் என்பது நெடுங்காலம் பிறப்போடு வந்த ஒன்று. உழவர் மகன் ஏர் பிடித்தான். நெசவாளர் மகன் தறியில் அமர்ந்தான். 1888-இல் கோவையில் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1945-இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் பொறியியல் கல்லூரி தோன்றியது. 1948-இல் பிரான்சிஸ்கன் மறைப்பணிச் சகோதரியர் பெண்களுக்கென நிர்மலா கல்லூரியைத் தொடங்கினர். 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கதவுகள் பல திறந்தபோது, எதனுள் நுழைவது என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

இக்கேள்விக்கு முறையான விடை தேடியவர் அமெரிக்கரான பிராங்க் பார்சன்ஸ். 1908-இல் பாஸ்டன் நகரில் அவர் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தார். அவர் வகுத்த படிகள் மூன்று: தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்தி ஆராய்ந்து முடிவு செய்தல்.

1970-களில் இப்பணிக்குக் கணினி வந்தது. பிரின்ஸ்டனில் மார்ட்டின் காட்ஸ் உருவாக்கிய 'சிகி' என்னும் மென்பொருள், கல்லூரி மாணவரிடம் முதலில் கேட்டது மதிப்பெண்களை அன்று. வருமானம், பாதுகாப்பு, தன்னுரிமை, பிறருக்கு உதவுதல், ஓய்வு போன்றவற்றுள் எது உனக்குப் பெரிது என்றே அது வினவியது. ஒன்றுக்கு எடை கூட்டினால் மற்றொன்றில் குறைக்க வேண்டும். மூன்றாம் படியை அது மாணவரிடமே விட்டது.

இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருளோ அம்மூன்றாம் படியிலும் கால் வைக்கிறது. இதில் நன்மை இல்லாமல் இல்லை. தமிழக அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், தொழில்திறன் பயிற்சிகளைக் கல்லூரி மாணவர்க்குக் கொண்டு சேர்த்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு, கேட்டறிய ஆளில்லாத செய்திகளை நல்லதொரு மென்பொருள் நொடியில் தரும்.

ஆனால் இத்தகைய மென்பொருள் பழைய தரவுகளிலிருந்தே கற்கிறது. அமேசான் நிறுவனம் ஆள்தேர்வுக்கு உருவாக்கிய மென்பொருள், ஆண்களே மிகுந்திருந்த பழைய விண்ணப்பங்களைப் பயின்று பெண்களைப் பின்தள்ளியது. அது கைவிடப்பட்ட செய்தி 2018-இல் வெளிவந்தது. பஞ்சாலைத் தொழிலாளியின் மகளுக்கு இத்தகைய மென்பொருள் எதைப் பரிந்துரைக்கும்? அவளைப் போன்றோர் நேற்று சென்ற வழியையே காட்டக்கூடும். பிறப்பு விதித்த தொழிலிலிருந்து மூன்று தலைமுறைகளில் மீண்ட நாம், புள்ளிவிவரம் விதிக்கும் தொழிலுக்குள் மீண்டும் அடைபடலாகாது.

2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திகுவா எத் நோவா' என்னும் ஆவணம், செயற்கை நுண்ணறிவு மனித அறிவுக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது என்று தெளிவுறுத்துகிறது. தாலந்து உவமையில் தலைவர் ஒவ்வொரு பணியாளரிடமும் அவரவருக்குக் கொடுத்ததைப் பற்றியே கணக்குக் கேட்டார். முன்னிருந்த பணியாளர்கள் என்ன செய்தனர் என்பதை அளவுகோலாக்கவில்லை. தொழில்களின் பட்டியலைக் கணினி தரட்டும். அப்பட்டியலோடு நம் பங்கின் இளைஞர் ஒருவர் தனித்து நிற்கையில், அருகமர்ந்து ஒரு மணி நேரம் செவிசாய்க்கும் ஆசிரியராக, பொறியாளராக, செவிலியராக நாம் இருப்போமாக. மூன்றாம் படியை ஏறவேண்டியவர் அவரே. கைகொடுக்க வேண்டியவர்கள் நாம்.