பெரியாறு எத்தனை அடி?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் காலைப் பேப்பரில் முதல் செய்தி அரசியல் அல்ல; ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் அணை நீர்மட்டம்தான். எங்கள் தாத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு, "ஏப்பா, பெரியாறு எத்தனை அடின்னு பாரு" என்பார். நான் படித்துச் சொல்வேன். நாற்றுப் பாவுவதா, பொறுப்பதா என்பது அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

கிண்டியில் தகவல் தொடர்புப் பொறியியல் படிக்க வந்தபோது இதெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. ஹாஸ்டலில் என் அறை நண்பன் சிவில். பாறை, மண், நிலத்தடி நீர் என்று படிப்பான். "நீ கல்லக் கட்டிக்கிட்டு அழு" என்று கிண்டல் செய்வேன். "நீ காத்தக் கட்டிக்கிட்டு அழுடா" என்பான் அவன். இந்த மலருக்காக நம் கல்லூரியின் வரலாற்றைப் புரட்டியபோதுதான், இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது புரிந்தது.

நம் கல்லூரியின் வேர், 1794-ல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. பூமியை அளப்பதுதான் அங்கே பாடம். 1859-ல் அது பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1920-ல் கிண்டிக்கு வந்தது.

அளப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு எங்கள் ஊர் மலையே சாட்சி. மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 1808-ல் கேப்டன் கால்டுவெல் பார்த்தார். (மொழி ஆராய்ச்சி செய்த கால்டுவெல் அல்ல, இவர் ராணுவப் பொறியாளர்.) நூறு அடிக்கு மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும், ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த பென்னிகுயிக்கின் திட்டம் வேறு: அணை கட்டித் தண்ணீரை உயர்த்துவது, பிறகு மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறக்குவது. 1887-ல் தொடங்கி 1895-ல் வேலை முடிந்தது. மலை அதே மலைதான், கணக்குத்தான் மாறியது.

1945-ல் நம் கல்லூரியில் தொலைத்தொடர்புப் படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் நெடுஞ்சாலைப் படிப்பும் வந்தது. மண்ணில் போடும் பாதைக்கும் காற்றில் போடும் பாதைக்கும் ஒரே வயது!

1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. 1982-ல் அங்கே தொலையுணர்வு நிறுவனம் ஏற்பட்டது. வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு மண்ணையும் நீரையும் காட்டையும் படிக்கும் துறை. அடுத்த ஆண்டே, 1983 ஆகஸ்டில், இன்சாட்-1பி விண்ணில் ஏறியது. தொலைபேசி, தொலைக்காட்சி, மேகப் படம் மூன்றையும் அந்த ஒரே செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டது. நானும் நண்பனும் ஹாஸ்டலில் போட்ட சண்டை எங்களுக்கு முன்பே மேலே தீர்ந்துவிட்டது.

ஆனால் கீழே தீர்ந்ததா?

பெரியாற்றுத் தண்ணீரும் வந்து சேரும் வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அளப்பவர் சரியாக அளந்தாலும், ஆற்றங்கரையில் இருப்பவர் காதில் விழாவிட்டால் அந்த எண்ணால் என்ன பயன்?

போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மலையேறப் போன இளைஞர்கள், இளம்பெண்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. காட்டுத்தீயைச் செயற்கைக்கோளிலிருந்து பார்க்க முடியும். பார்த்ததைக் குறுஞ்செய்தியாக வனத்துறைக்கு அனுப்பும் ஏற்பாடும் நாட்டில் உண்டு. ஆனால் மேலிருந்து காண்பது, சரிவில் நிற்கும் மனிதருக்கு அந்த நிமிடமே போய்ச் சேர வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்பும், புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மலை மடிப்புக்குள் சிக்னல் எப்படிப் போகும் என்பதெல்லாம் ஒரு துறைக்காரர் மட்டும் போடும் கணக்கல்ல.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! கவுன்சிலிங்கில் எந்தப் படிப்பு கிடைத்திருந்தாலும் சரி, ஒரு செமஸ்டராவது பக்கத்துக் கட்டடத்து வகுப்பில் போய் உட்காருங்கள். கடைசி வருட ப்ராஜக்டை இரண்டு துறையும் சேர்ந்து செய்யுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது அதுதான்.

பழைய நண்பர்களே, ஜூன் வாக்கில் கம்பம் பக்கம் வாருங்கள். தண்ணீர் திறந்திருந்தால் நாற்றங்காலைக் காட்டுகிறேன். தாத்தா இப்போது இல்லை. நீர்மட்டம் எனக்குக் கைபேசியில் வந்துவிடுகிறது. முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறேன்.