ஜிஞ்சர்பிரட் வீடு

சுக்கு, பட்டை, கிராம்பு சேர்த்துப் பிசைந்த மாவைப் பலகை பலகையாகச் சுட்டு, சர்க்கரைச் சாந்தால் ஒட்டி, மிட்டாய்களால் அலங்கரித்து எழுப்பும் சிறு வீடு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகள், அமெரிக்கா ஆகிய இடங்களில் பெரியவர்களும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து இதைக் கட்டுகிறார்கள். பெயரில் பிரட் இருந்தாலும் இது ரொட்டி அல்ல, கெட்டி பிஸ்கட். ஆங்கிலப் பெயரின் முற்பாதிக்கு நம் ஊரோடு ஒரு உறவு உண்டு. 'ஜிஞ்சர்' என்ற சொல் லத்தீன், கிரேக்கம், பாலி வழியாகப் பின்னோக்கிப் போய், 'இஞ்சி' என்ற திராவிட வேர்ச்சொல்லில் முடிகிறது என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. சுவீடன்காரர்கள் இந்தப் பிஸ்கட்டை 'மிளகுக் கேக்' என்று பொருள்படும் 'பெப்பர்காக்கா' என்ற பெயரால் அழைக்கிறார்கள். இன்று பெரும்பாலும் அதில் மிளகு இருப்பதில்லை.

மசாலா மணக்கும் தேன் பிஸ்கட்டுக்கு ஜெர்மனியில் பேர்போன ஊர் நூரம்பெர்க். அங்கே 'லெப்குகென்' என்ற அந்தப் பிஸ்கட்டைச் சுடுபவர்களைப் பற்றிய குறிப்பு 1395-லேயே கிடைக்கிறது. 1643-இல் அவர்களுக்குத் தனிக் கைவினைஞர் சங்கம் அமைந்தது. சுற்றிலும் இருந்த காடுகளில் தேன் கிடைத்தது, நகரம் வணிகப் பாதையில் இருந்ததால் கிழக்கத்திய மசாலாவும் வந்து சேர்ந்தது. ஆனால் இதே ஊரின் உயர்ரக 'எலிசன்' லெப்குகென் வீடு கட்ட உதவாது. அதில் குறைந்தது 25 விழுக்காடு பாதாம் போன்ற கொட்டைப் பருப்பு இருக்க வேண்டும், மாவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வாயில் கரையும், சுவராக நிற்காது.

ஜெர்மானியர் இந்த வீட்டைச் சூனியக்காரி வீடு என்று பொருள்படும் 'ஹெக்ஸென்ஹவுஸ்' என்றும் சொல்வார்கள். காட்டில் வழிதவறிய ஹேன்சல், கிரேட்டல் என்ற பிள்ளைகளின் கதையை கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்டார்கள். அதில் வரும் சூனியக்காரியின் வீட்டுக்குச் சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. ஜிஞ்சர்பிரட் என்று அங்கே இல்லை. அது பின்னால் ஒட்டிக்கொண்டது. இசையமைப்பாளர் ஹம்பர்டிங்க் இதே கதையை ஆப்பெராவாக்க, அது 1893 டிசம்பர் 23 அன்று வைமர் நகரில் அரங்கேறியது. அதில் சூனியக்காரியிடம் சிக்கிய பிள்ளைகள் ஜிஞ்சர்பிரட் பொம்மைகளாக மாறி வேலியாக நிற்பார்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு மேடையேறிய அந்த ஆப்பெரா, இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் தவறாமல் நடத்தப்படுகிறது.

வீட்டில் செய்யும்போது இதைச் சமையல் என்பதைவிடக் கொத்து வேலை என்பதே சரி. முதலில் அட்டையில் அளவெடுத்து வெட்டிப் பார்க்க வேண்டும்: பக்கச் சுவர் இரண்டு, உச்சி முக்கோணமாக முடியும் முகப்புச் சுவர் இரண்டு, கூரை இரண்டு. மாவில் மைதா, வெண்ணெய், சர்க்கரை, தேன் அல்லது கரும்புப்பாகு, மசாலாப் பொடிகள் சேரும். தின்பதற்கான பிஸ்கட்டில் தாராளமாகப் போடும் ஆப்ப சோடாவை இங்கே குறைத்துவிடுவார்கள். மாவு உப்பினால் அளவு மாறிவிடும், ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பிசைந்ததைக் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டையை மேலே வைத்து வெட்டி, 175 டிகிரி செல்சியஸில் ஓரம் நன்றாகச் சிவக்கும்வரை சுட வேண்டும். வெளியே எடுத்த சூட்டோடு அதே அட்டையை வைத்து இன்னொரு முறை ஓரத்தைச் சீவுவது அனுபவசாலிகளின் பழக்கம். ஆறிய பின் கத்தி வைத்தால் பலகை விரிசல் விட்டுவிடும்.

சாந்து என்பது ராயல் ஐசிங். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்குச் சுமார் 200 கிராம் ஐசிங் சர்க்கரை சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்கும் பதத்துக்கு அடிக்க வேண்டும். பச்சை முட்டைக்குத் தயங்குபவர்கள் மெரிங்கு பொடி பயன்படுத்துவார்கள். கிண்ணத்தை ஈரத்துணியால் மூடாவிட்டால் கால் மணியில் மேலே ஏடு கட்டிவிடும். சுவீடன் வீடுகளில் சர்க்கரையை வாணலியில் உருக்கி, பலகையின் ஓரத்தை அதில் தோய்த்து ஒட்டுவதும் உண்டு. நொடியில் பிடித்துக்கொள்ளும்; விரலையும் அப்படியே பொசுக்கும் என்பதால் பிள்ளைகளிடம் விடுவதில்லை.

பலரும் தோற்பது கூரையில். நான்கு சுவர்களையும் ஜாம் பாட்டில்களை அணை கொடுத்து நிறுத்தி, சாந்து இறுகச் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, விட வேண்டும். அவசரப்பட்டுக் கூரையை ஏற்றினால், அது சரிந்து சுவரையும் கூட இழுத்துப்போடும். ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டுமானால், சுவரில் வெட்டிய துளையில் பொடித்த கடின மிட்டாயை நிரப்பி ஓவனில் சில நிமிடம் வைத்தால் உருகிப் படிந்துவிடும். உள்ளே சிறு விளக்கை ஏற்றிவைத்தால் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும். கூரை விளிம்பில் ஐசிங்கைத் தொங்கவிட்டால் பனிக்கட்டி, சீவிய பாதாமை அடுக்கினால் ஓடு. ஒட்டிய இடம் கோணலாக இருந்தால் அதன்மேல் பனியைப் பெய்யவைத்துவிடலாம்.

இதற்கு எதிரி ஈரப்பதம். தேனும் சர்க்கரையும் காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்வதால் சுவர் மெல்ல நமர்த்து வளையும். உலர்ந்த குளிர்ப் பிரதேசத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வீடு, கடலோர ஊர்களில் சில நாளில் தளர்ந்துவிடும்.

இந்த வேலையைப் பொதுக் காட்சியாக்கிய இடங்களும் உண்டு. அமெரிக்க வெள்ளை மாளிகையில் 1969-இல் நிக்சன் காலத்தில் இந்த வழக்கம் தொடங்கியது. அங்கே பல ஆண்டுகள் இதைக் கட்டியவர் ஜெர்மனியில் பிறந்த சமையற்கலைஞர் ஹான்ஸ் ராஃபர்ட். நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் மழலையர் பள்ளிகளும் குடும்பங்களும் நிறுவனங்களும் கொண்டுவரும் வீடுகளைச் சேர்த்து ஒரு முழு நகரமே அமைக்கிறார்கள். 2009-இல் யாரோ உள்ளே புகுந்து அதை நொறுக்கிவிட, ஊரார் மறுபடி சுட்டுக் கொடுத்து காட்சியை நடத்திக் காட்டினார்கள்.

சுவீடனில் நொறுக்குவதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. ஜனவரி 13, குனுட் நாள். அன்றோடு கிறிஸ்துமஸ் முடிகிறது. மரத்தை வெளியே போட்டுவிட்டு, தூசி படிந்து கல்லாகிப்போன வீட்டைப் பிள்ளைகள் உடைத்துத் தின்கிறார்கள்.